தங்கைக்கு அவசரத்தில் சொன்ன பதில்

சித்தியின் மகள் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கொள்ளுப்பிட்டியில் வேலை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிப் போர்டிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவள், கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, சம்பளம் போடுவதற்குக் கணக்கு இலக்கம் கேட்கிறார்கள். எந்த வங்கியில் திறக்கட்டும்?" நான் குழம்புச் சட்டியை மூடியபடி, "எல்லாம் ஒன்றுதான் பிள்ளை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் திற" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எல்லாம் ஒன்றல்ல என்பதைக் காசு கொடுத்துப் படித்தவள் நான். படித்ததை அவளுக்குச் சொல்லாமல், சோற்றுப் பாத்திரத்தை எடுத்து வைக்கும் அவசரத்தில் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன்.

ஒரு சேலை எடுக்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க இரண்டு வருடத்துக்கு முன்பே விசாரிக்கத் தொடங்குகிறோம். மாதச் சம்பளம் முழுவதையும் கொண்டுபோய் வைக்கிற இடத்தை மட்டும் யாரோ தெரிவு செய்து கொடுக்க விட்டுவிடுகிறோம். என் முதல் வேலையில் நிர்வாகப் பிரிவில் ஒரு படிவம் நீட்டினார்கள். வங்கியின் பெயர் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். பதின்மூன்று வருடம் அந்த ஒரே கணக்கில்தான் சம்பளம் வந்தது, வாடகை போனது, மகனின் வகுப்புக் கட்டணம் போனது, மிஞ்சியது கிடந்தது. மிஞ்சிக் கிடந்ததைச் 'சேமிப்பு' என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் புத்தகம்

அம்மாவிடம் இருப்பது ஒரு வங்கிப் புத்தகம். அதன் அட்டையின் மூலைகள் தேய்ந்து, துணிபோல மெத்தென்று ஆகிவிட்டன. இரண்டு பொலித்தீன் பைகளுக்குள், பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து, இறப்பர் வளையம் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அரிசி மூட்டையை விட்டு வந்தோம், தையல் இயந்திரத்தை விட்டு வந்தோம், அந்தப் பையை விடவில்லை. பக்கங்கள் நிரம்பி நிரம்பிப் புத்தகம் பலமுறை மாறிவிட்டது. பழையவற்றையும் அம்மா எறியவில்லை. ஆரம்பப் பக்கங்களில் கையால் எழுதிய தொகைகள், பக்கத்தில் உத்தியோகத்தரின் சுருக்கொப்பம். பிறகு வந்த பக்கங்களில் இயந்திரம் அடித்த மங்கலான எழுத்து. நடுவில் சில வருடங்கள் வைப்பும் இல்லை, மீளப்பெறலும் இல்லை. அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கணக்கிலிருந்து காசு எடுப்பதென்றால் அரை நாள் வேலை. பஸ் ஏறிப் போய், இலக்கத் துண்டு எடுத்து, சீட்டு நிரப்பி, முதல் நாள் போட்ட அதே கையெழுத்தைப் போட வேண்டும். அம்மாவின் விரல்கள் இப்போது நடுங்குகின்றன. கையெழுத்துச் சற்று விலகினால் உத்தியோகத்தர் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார், இன்னொருமுறை போடச் சொல்வார். "ஓர் ஏ.டி.எம். அட்டை எடுத்துத் தருகிறேன் அம்மா" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "அட்டை இருந்தால் கை அரிக்கும்" என்று மறுத்துவிடுவார். வயதானவரின் பிடிவாதம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுச் செலவுக்கு அம்மாவிடம் வேறு ஏற்பாடு இருந்தது. வெறுமையான பால்மா டின்கள் மூன்று. ஒன்றில் வாடகை, ஒன்றில் சமையல், மூன்றாவதில் மருந்தும் பஸ்ஸும். அப்பா சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே மூன்றாகப் பிரித்துப் போட்டுவிடுவார். சமையல் டின் இருபத்தைந்தாம் திகதி காலியானால் ஐந்து நாளைக்குப் பருப்பும் முருங்கையிலையும்தான். வாடகை டின்னில் கை வைத்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஐந்து நாள்

2023 ஜூன் மாதக் கடைசி வாரத்தை கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 29ஆம் திகதி வியாழன் ஹஜ்ஜுப் பெருநாள். 30ஆம் திகதி வெள்ளியை விசேட வங்கி விடுமுறையாக அறிவித்தார்கள். பிறகு சனி, ஞாயிறு. திங்கள் எசல போயா. ஐந்து நாள் தொடர்ச்சியாக வங்கிகள் மூடியிருக்கும், அந்த நாட்களுக்குள் அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் மறுசீரமைப்பைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றுவார்கள் என்றதும், எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்வி: எங்கள் வைப்புக்கு என்ன ஆகும்? வைப்புகளில் கை வைக்க மாட்டோம் என்று மத்திய வங்கி ஆளுநர் சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் நாங்கள் பார்த்தவை கொஞ்சமா? எரிவாயு வரிசையில் நின்றவர்கள், பெற்றோலுக்கு இரவு முழுக்கக் காத்திருந்தவர்கள். அதிகாரத்தில் இருப்பவர் சொல்லும் வாக்குறுதி காதில் விழுந்தது, நெஞ்சில் இறங்கவில்லை.

புதன்கிழமை மாலை வேலை முடிந்து காலி வீதியில் இறங்கியபோது ஏ.டி.எம். இயந்திரங்களுக்கு முன் வரிசைகள். நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். நாற்பது நிமிடம் கழித்து என் முறை வந்தது. ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்சத் தொகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கூடத்தில் சுளகை மடியில் வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நோட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு அவர் பதறவில்லை. "எவ்வளவு எடுத்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். "இதில் வாடகைக் காசு எவ்வளவு, பெடியனுடைய படிப்புக் காசு எவ்வளவு, தொடாமல் வைத்த காசு எவ்வளவு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கணத்தை இன்றைக்கும் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். கையில் காசு இருக்கிறது, கணக்கில் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது, ஆனால் எது எதற்கானது என்று எனக்குத் தெரியாது. பதின்மூன்று வருடமாக எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு, குவியல் பெரிதாக இருந்த மாதங்களில் தாராளமாகவும் சிறிதாக இருந்த மாதங்களில் பயத்தோடும் வாழ்ந்திருக்கிறேன். அம்மாவுடைய மூன்று டின்களில் இருந்த அறிவு என்னுடைய கைத்தொலைபேசிச் செயலியில் இல்லை. வங்கி என் வைப்பைக் காப்பாற்றுமா என்று நாற்பது நிமிடம் வரிசையில் நின்று யோசித்தவள், என்னிடமிருந்து அதை யார் காப்பாற்றுவது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சனிக்கிழமை பாராளுமன்றத்தில் அது நிறைவேறியது. வங்கி வைப்புகள் தப்பின. சுமை ஊழியர் சேமலாப நிதியின் பக்கம் போனது, அதன் வலி தனிக் கதை. செவ்வாய்க்கிழமை வங்கிகள் திறந்தன. எடுத்த காசைக் கொண்டுபோய்த் திரும்பவும் போட்டேன். ஆனால் அந்த ஐந்து நாளில் வீட்டில் சும்மா இருந்த நேரத்தில் ஒரு வேலை செய்தேன். ஒரு வருடத்துக்கான கணக்குக் கூற்றை அச்சடித்து வைத்துக்கொண்டு, மகனுடைய பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டேன்.

முப்பது ரூபாய்

எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் ஏ.டி.எம். என் வங்கியினுடையது அல்ல. கையில் கூடுதலாகக் காசு இருந்தால் செலவாகிவிடும் என்று இரண்டாயிரம், மூவாயிரமாக எடுப்பது என் பழக்கம். வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுப்பதால் ஒவ்வொரு முறையும் முப்பது ரூபாய் கழிந்திருக்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய எட்டுத் தடவை. வருடத்துக்கு 2,880 ரூபாய். அதற்கு மேல் அட்டைக்கு வருடக் கட்டணம், குறுஞ்செய்திக்கு மாதக் கட்டணம். அதே வருடத்தில் அந்தக் கணக்குக்கு வட்டியாக வந்தது 1,900 ரூபாய்க்குச் சற்று மேல், அதிலும் ஜனவரியிலிருந்து வரி பிடித்திருந்தார்கள். சேமிப்புக் கணக்கு என்று பெயர், வருட முடிவில் நான் வங்கிக்குக் கொடுத்தது வங்கி எனக்குக் கொடுத்ததை விடக் கூட.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்குத் தெளிவானது. எந்த வங்கி வட்டி கூடத் தருகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். சம்பளம் வந்து செலவாகிப் போகிற கணக்கில் அந்தக் கேள்விக்கு மதிப்பே இல்லை. சராசரியாக நாற்பதாயிரம் ரூபாய் நிற்கிற கணக்கில் வட்டி ஒரு வீதம் கூடினால் வருடத்துக்கு நானூறு ரூபாய் கிடைக்கும். வீட்டு வாசலில் சொந்த வங்கியின் இயந்திரம் இருந்தால் அதைப்போல ஏழு மடங்கு மிச்சம். செலவுக் கணக்குக்குப் பார்க்க வேண்டியது, அது எவ்வளவு இலகுவாக, எவ்வளவு மலிவாகக் காசை வெளியே விடுகிறது என்பதைத்தான். இயந்திரம் கிட்ட இருக்கிறதா, செயலி விழுந்து விழுந்து எழும்பாமல் வேலை செய்கிறதா, மரக்கறிக் கடையில் லங்கா கியூ.ஆர். குறியீட்டுக்குப் பணம் கட்ட முடிகிறதா, மின்சாரக் கட்டணத்தை இரவு பத்து மணிக்குச் செலுத்த முடிகிறதா. சம்பளத்துக்கு முதல்நாள் மீதி நூறு ரூபாய்க்கு இறங்கினாலும் தண்டக் கட்டணம் பிடிக்காமல் இருக்கிறதா என்பதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சேமிப்புக்கு இதெல்லாம் தலைகீழ். அங்கே காசு வெளியே வருவது கஷ்டமாக இருக்க வேண்டும். அட்டை வேண்டாம், செயலி வேண்டாம், கிளை பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கட்டும். அம்மா சொன்ன 'கை அரிப்பு' அதுதான். அரை நாள் விடுமுறை எடுத்து, இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும் என்றால், அந்த நேரத்துக்குள் பாதி ஆசைகள் தாமாகவே அடங்கிவிடும். இந்த இரண்டு குணமும் ஒரே கணக்குக்குள் இருக்க முடியாது. அதனால் இரண்டு வங்கி. சம்பளம் 25ஆம் திகதி வருகிறது. 26ஆம் திகதி காலையில், நான் எழும்புவதற்கு முன்பே, பதினைந்தாயிரம் ரூபாய் மற்ற வங்கிக்குப் போய்விடுகிறது. அதற்கு நிலையியற் கட்டளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு வங்கிக்குக் காசு அனுப்பினால் எப்போது போய்ச் சேரும் என்று காத்திருந்த காலம், 2015இல் வங்கிகளை இணைக்கும் லங்காபேயின் உடனடிப் பரிமாற்ற வசதி வந்ததோடு முடிந்தது. மாத முடிவில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று பதின்மூன்று வருடம் இருந்தவளுக்கு, மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவைத்த முதல் வருடத்தில் ஓர் இலட்சத்து எண்பதாயிரம் சேர்ந்தது.

அம்மாவின் வழியில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அம்மாவின் புத்தகத்தில் இருந்த மூன்று இலட்சம் அப்படியே மூன்று இலட்சமாக இருந்தது, அது வாங்கக்கூடிய பால்மா மட்டும் சுருங்கிப் போனது. அந்த நேரத்தில் நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தார்கள். புத்தகத்தைப் பத்திரமாகக் காத்த அம்மாவுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அவசரத்துக்கு ஆறு மாதச் செலவு சாதாரணச் சேமிப்பில் இருந்தால் போதும், அதற்கு மேற்பட்டது நிலையான வைப்பில்தான் இருக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டு விதி.

சந்தைச் சிங்களம் போதாது

நிலையான வைப்பு என்றதும் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் இரண்டு இலட்சம் ரூபாயை ஒரு வருடத்துக்குப் போடலாம் என்று ஒரு வங்கிக்குப் போனேன். பெயர் வேண்டாம். கருமபீடத்தில் இருந்த பெண் அன்பானவர்தான், அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவு சிங்களம் வரும். வட்டி, முதிர்வு, புதுப்பித்தல் என்று அவர் வேகமாகக் கேட்டுக்கொண்டு போனபோது நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அச்சடித்து நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது ஆறு மாத வைப்பு. 2023 ஜூனில் முதிர்ந்து, இன்னோர் ஆறு மாதத்துக்குத் தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது. அந்த ஜூன் முதலாம் திகதிதான் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டியை வழிநடத்தும் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக இரண்டரை வீதப் புள்ளிகளால் குறைத்திருந்தது. உயர்ந்த வீதத்தில் ஒரு வருடம் முழுக்க நின்றிருக்க வேண்டிய காசு, பாதி வருடம் இறங்கிய வீதத்தில் நின்றது.

இழந்த ரூபாயை விட, தலையாட்டியது எனக்கு வலித்தது. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். பின்னால் வரிசை நின்றது, அவருக்கு நேரம் போகிறதே என்று நினைத்தேன். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. என் காசைப் பற்றி என் மொழியில் விளங்கிக்கொள்வது நான் யாரிடமும் கேட்டு வாங்க வேண்டிய சலுகை அல்ல. இப்போது எந்தக் கிளைக்குப் போனாலும் முதல் வேலையாகத் தமிழ்ப் படிவம் கேட்கிறேன், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேட்கிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெரும்பாலும் இருக்கிறார்கள். நகரத்தின் மற்றப் பக்கங்களில் காத்திருக்க வேண்டி வரலாம். காத்திருக்கிறேன். சேமிப்பு வங்கியைத் தெரிவு செய்வதில் எனக்கு இது வட்டி வீதத்துக்கு முன்னால் வருகிற கேள்வி.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு, ஒரு நிறுவனத்துக்கு, 11 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு மேலே போகிறவர்கள் பிரித்து வைப்பது நல்லது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது, அம்மாவின் தலைமுறை அதைப் பெரிதாக மதித்தது. உரிமம் இருக்கிறதா என்பதை மத்திய வங்கியின் பட்டியலில் பார்க்காமல் எவ்வளவு வட்டி சொன்னாலும் ஒரு ரூபாயும் போடக் கூடாது. என்னைப் பொறுத்தவரை இதில் பேச்சுக்கே இடமில்லை.

சனிக்கிழமை

அடுத்த வாரமே தங்கையைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தவறு என்று சொன்னேன். என் பழைய கூற்றை, பென்சில் கோடுகளோடு, மேசையில் விரித்துக் காட்டினேன். அவள் முப்பது ரூபாய்களை விரல் வைத்து எண்ணிப் பார்த்தாள். சம்பளக் கணக்குக்கு அவள் தெரிவு செய்தது, போர்டிங்குக்குக் கீழே இயந்திரம் வைத்திருக்கிற வங்கி. அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்ததை அல்ல. காசு தேவைப்படுவது மாலையிலும் சனி ஞாயிறிலும்தானே என்று காரணம் சொன்னாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

சேமிப்புக்கு நான் ஒரு வங்கியைச் சொன்னேன், அவள் வேறொன்றைச் சொன்னாள். வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் அதற்குக் கிளை இருக்கிறது. கூட்டுக் கணக்காகத் திறந்தால் தனக்கு ஏதும் நேர்ந்தாலும் அம்மா நடந்தே போய் எடுக்கலாம் என்றாள். இருபத்து மூன்று வயது. அப்பா இறந்தபோது அவருடைய கணக்கில் இருந்ததை எடுக்க நாங்கள் எத்தனை கடிதத்துக்கு, எத்தனை முத்திரைக்கு அலைந்தோம் என்பது நினைவுக்கு வந்து, நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை, அந்த வங்கியின் வெள்ளவத்தைக் கிளைக்கு இருவரும் போனோம். அவள் நேராகக் கருமபீடத்துக்குப் போய், "தமிழ்ப் படிவம் இருக்கிறதா?" என்று கேட்டாள். அந்த இளைஞர் இழுப்பறையைத் திறந்து தேடி, கடைசியில் உள்ளே போய் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு வரியாக வாசித்தாள். குறைந்தபட்ச மீதி எவ்வளவு, புத்தகம் தொலைந்தால் என்ன செய்வது, வட்டியில் பிடிக்கும் பத்து வீத வரி தனக்கும் உண்டா என்று கேட்டாள். வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல் வருமானம் இல்லை என்றால் சுய பிரகடனம் கொடுத்து அந்த வரியைத் தவிர்க்கலாம் என்று அவர் தமிழில் விளங்கப்படுத்தினார். அட்டை வேண்டுமா என்று கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்க்காமலே வேண்டாம் என்றாள். கூட்டுக் கணக்கு என்பதால் ஒரு படிவத்தைச் சித்தியின் கையெழுத்துக்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாதிரிக் கையெழுத்து அட்டையில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். அலுவலகத்தில் போடுவது ஆங்கிலக் கையெழுத்து, இங்கே தமிழில் போடப்போகிறேன் என்றாள். முதலாவது சற்றுச் சாய்ந்தது, இரண்டாவதில் பெயரின் கடைசிச் சுழி நீண்டுவிட்டது. இளைஞர் வேறோர் அட்டையை எடுத்து நீட்டி, "ஆறுதலாகப் போடுங்கள் தங்கச்சி, இனி எப்போதும் இதைத்தான் போட வேண்டும்" என்றார். பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவள் அட்டையைத் தன் பக்கம் திருப்பிவைத்து, முதலிலிருந்து தொடங்கினாள்.